நான் ஜெயலட்சுமியாக இருந்த மூன்று வாரம்

நாங்கள் பதினோராம் வகுப்புக்கு வந்த வருஷம் எங்கள் அதிபர் கொழும்பில் ஏதோ ஒரு பயிற்சிக்குப் போய்விட்டு வந்தார். அவர் பயிற்சிக்குப் போய் வந்தால் பாடசாலையில் ஏதாவது ஒன்று மாறும். முந்தின தடவை போய் வந்தபோது குப்பைத் தொட்டிகளுக்கு மூன்று நிறத்தில் வர்ணம் அடித்துத் தரம் பிரித்தோம். இந்தத் தடவை அவர் எங்களையே பிரித்தார்.

மேல் வகுப்புப் பிள்ளைகளைப் பன்னிரண்டு பன்னிரண்டு பேராக்கி, ஒவ்வொரு பன்னிரண்டு பேருக்கும் ஓர் ஆசிரியரைப் பொறுப்பாக வைத்தார். புதன்கிழமை முதல் பாடவேளை அந்தக் குழுவுக்கு. அதில் பாடம் இல்லை, பரீட்சை இல்லை, புள்ளி இல்லை. அப்படியானால் எதற்கு என்று யாரோ கேட்டதற்கு, "ஒங்களப் பத்திப் பேசுறதுக்கு" என்றார் அதிபர். எங்களைப் பற்றி நாற்பது நிமிஷம் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று எங்களுக்கு விளங்கவில்லை. சுற்றறிக்கையில் அதற்கு ஆலோசனைக் குழு என்று பெயர். நாங்கள் புதன் பீரியட் என்றோம்.

எங்கள் பன்னிரண்டு பேருக்கு வாய்த்தவர் வர்த்தகம் படிப்பிக்கும் டீச்சர். கொட்டகலை பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருந்த குடும்பத்துப் பெண். முதல் நியமனம். எங்களைவிட ஒன்பது பத்து வயதுதான் கூட இருக்கும். கடைசி வாங்கில் இருப்பவர்களுக்குக் கேட்காத குரல். முதல் புதன்கிழமை எங்கள் முன்னால் வந்து நின்று சுற்றறிக்கையை முழுவதும் வாசித்தார். வாசித்து முடித்தும் அரை மணி நேரம் மிச்சம் இருந்தது. அவரும் எங்களைப் பார்த்தார், நாங்களும் அவரைப் பார்த்தோம்.

அடுத்த புதனுக்கு அவர் ஒரு நீலக் கோப்போடு வந்தார். உள்ளே ஆளுக்கொன்றாகப் பன்னிரண்டு கண்ணாடித் தாள் உறைகள். ஒவ்வொருவரையும் மேசைக்குக் கூப்பிட்டு மூன்று கேள்வி கேட்டார். காலையில் சாப்பிட்டாயா, எந்தப் பாடம் விளங்கவில்லை, என்னிடம் சொல்ல ஏதாவது இருக்கிறதா. சுற்றறிக்கையில் இருந்த கேள்விகள் அவை. அதை மாற்றிக் கேட்கலாம் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை போலும், வாரா வாரம் அதே மூன்றையும் அதே வரிசையில் கேட்டார். நாங்களும் வாரா வாரம் அதே பதிலைச் சொன்னோம். சாப்பிட்டேன் டீச்சர். கணக்கு டீச்சர். ஒன்னும் இல்ல டீச்சர்.

என்னிடம் சொல்ல ஒன்று இருந்தது. இரண்டாம் தவணையில்தான் அது வந்து சேர்ந்தது.

சாதாரண தரப் பரீட்சை எழுதுவதற்கு அடையாள அட்டை வேண்டும். அடையாள அட்டைக்குப் பிறப்புப் பத்திரம் வேண்டும். பிறப்புப் பத்திரத்தை அடுத்த புதன்கிழமை கொண்டு வாருங்கள் என்று டீச்சர் சொன்னார். பதினோரு பேர் கொண்டு வந்தார்கள். நான் மறந்துவிட்டேன் என்றேன். அதற்கடுத்த வாரம் அம்மாவுக்குக் காய்ச்சல் என்றேன். உண்மை என்னவென்றால், நான் பிறந்ததை யாரும் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. முதலாம் வகுப்பில் சேர்த்தபோது பத்திரத்தைப் பிறகு கொண்டுவந்து தருவதாக அப்பா சொல்லியிருக்கிறார். அது பத்து வருஷம் பிறகாகவே இருந்துவிட்டது. என் பெயரைக்கூட அப்பா அன்றைக்குப் பாடசாலை வாசலில் வைத்து யோசித்துத்தான் சொன்னார் என்று மாமா கேலி செய்வார். வீட்டில் நான் பாப்பாதான்.

அம்மாவிடம் கேட்டேன். அப்பாவைக் கேள் என்றாள். தேயிலை ஆலையில் வேலை முடிந்து வந்த அப்பாவிடம் கேட்டேன். அம்மாவைக் கேள் என்றார். இப்படி இரண்டு பேருக்கும் நடுவில் நான் ஒரு வாரம் நடந்துகொண்டிருந்தபோது கொழும்பிலிருந்து மாமா வந்தார்.

மாமா அம்மாவின் தம்பி. கொழும்பில் ஒரு இரும்புக் கடையில் வேலை. தேயிலைக்குள்ளே இறங்கிப் போகும் ஒற்றையடிப் பாதையை எங்கள் பக்கத்தில் குறுக்கு என்பார்கள். மாமா எல்லாவற்றுக்கும் ஒரு குறுக்கு வைத்திருப்பார். என் கதையைக் கேட்டு, தேநீரைக் குடித்து முடித்து, கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"இதுக்கா மொகத்தத் தூக்கி வச்சிருக்க? பொட்டியில ஒன்னு சும்மாதான கெடக்குது. அத எடுத்துக் குடு. ஒரே அப்பா, ஒரே அம்மா. பேரு மட்டுந்தான வேற."

பெட்டியில் கிடந்தது என் அக்காவின் பிறப்புப் பத்திரம். எனக்கு முன்னால் ஒரு அக்கா பிறந்து, பதினோராவது மாதத்தில் சளிக்காய்ச்சல் வந்து இறந்துபோனாள் என்பது எனக்குத் தெரியும். மழைக்காலத்தில் கூரை ஒழுகும் என்று தெரிந்திருப்பதுபோல, அது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அம்மா அடுப்பிலிருந்து திரும்பாமலேயே சொன்னாள். "அது அவளோடது."

"அக்கா, அவதான் இல்லயே."

"அதான் சொல்றேன். அது அவளோடது."

மாமா பேச்சை மாற்றிவிட்டார். ஆனால் மறுநாள் கொழும்பு பஸ்ஸுக்குப் போகும்போது, நான் டீச்சரிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதை எனக்கு வரி வரியாகச் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

அம்மா மலையில் கொழுந்தெடுக்கப் போயிருந்த ஒரு மத்தியானத்தில் நான் பெட்டியைத் திறந்தேன். அம்மாவின் கூறைச் சேலைக்கு அடியில், ஒரு பிளாஸ்டிக் பைக்குள், நாலாக மடித்து இருந்தது. மடித்த இடங்களில் கொஞ்சம் நைந்திருந்தது. ஜெயலட்சுமி என்று பெயர். அப்பா பெயர், அம்மா பெயர், தோட்டத்தின் பெயர் எல்லாம் எனக்குரியவைதான். எனக்கு ஒரு குற்ற உணர்ச்சியும் வரவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். மாமா சொன்னது சரி என்றே பட்டது.

புதன்கிழமை டீச்சர் அதை இரண்டு தடவை வாசித்தார்.

"இதுல வேற பேரு இருக்கே?"

"வீட்டுல கூப்புடுற பேர ஸ்கூல்ல குடுத்துட்டாங்க டீச்சர். உண்மையான பேரு இதுதான்."

"அப்ப ஒனக்கு இப்ப பதினேழு வயசா?"

"ஆமா டீச்சர்."

அந்தப் பன்னிரண்டு பேரில் ஆகக் குள்ளம் நான்தான். டீச்சர் என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தடவை பார்த்தார். பிறகு ரூலரை எடுத்தார். அவர் எதையும் ரூலர் வைத்துத்தான் வெட்டுவார். பெயர்ப் பட்டியலில் என் பெயரின் மேல் நேராக ஒரு கோடு இழுத்து, அதற்கு மேலே ஜெயலட்சுமி என்று எழுதினார். "இனிமே இந்தப் பேருக்குப் பழகிக்க. பரீட்சை மண்டபத்துல இதத்தான் கூப்புடுவாங்க" என்றார்.

தாளில் மாறும் என்று நினைத்திருந்தேனே ஒழிய, அந்தப் பெயரைச் சத்தமாகக் கூப்பிடுவார்கள் என்று நான் நினைக்கவில்லை.

அன்றைக்கே இடாப்புக் கூப்பிடும்போது "ஜெயலட்சுமி" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. மறுபடியும் "ஜெயலட்சுமி" என்றார். நானும் மற்றவர்களோடு சேர்ந்து, யார் அது என்று திரும்பிப் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவள் என் விலாவில் இடித்த பிறகுதான் எழும்பி நின்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் அவர்களைவிட ஒன்றரை வயது மூத்தவள் என்பது பரவியதும் எங்கள் குழுவிலிருந்த பையன்கள் என்னை அக்கா என்று கூப்பிடத் தொடங்கினார்கள். தோட்டத்தின் மேல் பிரிவான மேல் கணக்கிலிருந்து வரும் ஒரு பையன் இருந்தான், தொண்டை பெரியவன். அவன் மட்டும் விடாமல் "ஜெயலட்சுமி அக்கா" என்று முழுப் பெயரையும் சொல்வான்.

விண்ணப்பப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்பதால் அந்தப் பெயரில் கையெழுத்துப் போடப் பழகினேன். பழைய அப்பியாசக் கொப்பியின் பின்பக்கம் முழுவதும் எழுதி எழுதிப் பார்த்தேன். ஜெ என்று தொடங்கி மியில் ஒரு வளைவு வைத்து முடித்தால் அழகாக இருந்தது. பென்சில் பிடிக்கும் வயதுக்கு வராமலே போனவளுக்கு நான் ஒரு கையெழுத்தைச் செய்துகொண்டிருந்தேன். இப்போது சொல்லும்போதுதான் அது இப்படித் தெரிகிறது. அப்போது கையெழுத்து நன்றாக வந்ததே என்றுதான் இருந்தது.

ஆனால் அடுத்த புதன்கிழமை மேசைக்குப் போனபோது, மூன்றாவது கேள்வியை டீச்சர் "என்கிட்ட சொல்ல ஏதாவது இருக்கா, ஜெயலட்சுமி?" என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். என்னிடம் கேட்காமல் வேறு யாரிடமோ கேட்டதுபோல இருந்தது.

மூன்றாவது புதன்கிழமை படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை எல்லாப் படிவங்களும் போகும் என்று டீச்சர் சொன்னார். அந்தப் புதன்கிழமை பின்னேரம் நான் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குக் கீழே, ஊற்று விழும் பீலியில் குடத்தை வைத்துவிட்டு, தண்ணீர் நிறையக் காத்திருந்தேன். கொழுந்து நிறுத்துவிட்டு அம்மாவும் இன்னும் நாலைந்து பேரும் கூடையை முதுகில் போட்டுக்கொண்டு பாதையில் இறங்கி வந்தார்கள். அந்த நேரம் பார்த்து மேல் ரோட்டிலிருந்து அந்த மேல் கணக்குப் பையன் கத்தினான்.

"ஜெயலட்சுமீ! ஏ ஜெயலட்சுமீ!"

அம்மா நின்றுவிட்டாள். பின்னால் வந்த பெண் ஒருத்தி அவள் கூடையில் மோதிக்கொண்டாள். அம்மா என்னைப் பார்க்கவில்லை. சத்தம் வந்த மேல் ரோட்டுப் பக்கம் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை. கூப்பிட்டதற்கு யாராவது பதில் சொல்வார்களா என்று காத்திருப்பதுபோல நின்றாள். குடம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. எனக்கு அதை எடுக்கத் தோன்றவில்லை.

வீட்டுக்குள் போனதும் பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டது. நான் வாசலிலேயே நின்றேன்.

"எங்க?" என்றாள்.

"டீச்சர்கிட்ட."

அவ்வளவுதான். அடிக்கவில்லை, ஏசவில்லை. அடித்திருந்தால் நல்லது என்று நினைத்தேன். மறுநாள் காலை வேலைக்கு ஆள் கூப்பிடும் பெரட்டுச் சத்தம் கேட்டும் அம்மா வேலைக்குக் கிளம்பவில்லை. தலையைச் சீவி, கோயிலுக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு, என்னோடு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். பத்து வருஷத்தில் அம்மா என் பாடசாலைக்கு வருவது அதுதான் முதல் தடவை. பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

டீச்சர் நூலகத்துக்குப் பக்கத்தில் இருந்த சின்ன அறையில் இருந்தார். அம்மா வாசலிலேயே நின்று சொன்னாள்.

"டீச்சர், எம்புள்ள ஒன்னு ஒங்ககிட்ட இருக்கு. கூட்டிக்கிட்டுப் போலாம்னு வந்தேன்."

டீச்சருக்கு விளங்கவில்லை. என்னைக் காட்டி, "இந்தா, இங்கதான நிக்கிறா?" என்றார்.

"இவ இல்லீங்க. அந்தப் பத்திரத்துல இருக்கிறவ."

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் எழும்பி, தன்னுடைய நாற்காலியை இழுத்து அம்மாவை அதில் உட்காரச் சொன்னார். அம்மா நுனியில் உட்கார்ந்தாள். மூத்த பிள்ளை, பதினோரு மாதம், சளி நெஞ்சில் கட்டிவிட்டது, தோட்டத்து லொறியில் ஏற்றிக்கொண்டு போகும்போதே முடிந்துவிட்டது. நாலு வாக்கியத்தில் சொல்லி முடித்தாள். என் வாழ்க்கையில் அம்மா அதைச் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

டீச்சர் நீலக் கோப்பைத் திறந்து என் உறையிலிருந்து பத்திரத்தை எடுத்தார். இரண்டு கையாலும் பிடித்து அம்மாவிடம் கொடுத்தார். அம்மா அதை விரித்து, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதுபோலப் பார்த்தாள். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. பிறகு மறுபடியும் மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் அழகாகக் கையெழுத்துப் போட்டிருந்த விண்ணப்பத்தை டீச்சர் எடுத்து நாலாகக் கிழித்தார்.

"நான் வீட்டுல ஒரு வார்த்த கேட்டிருக்கணும்மா. கேக்காம எழுதிட்டேன்."

"நீங்க என்னா செய்வீங்க. இவ சொன்னத நம்புனீங்க."

"அப்ப, இவளுக்குப் பத்திரம்?"

"எழுதல."

"ஏம்மா?"

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பினாள். "எழுதலீங்க" என்றாள் மறுபடியும்.

எனக்கு வெட்கத்தையும் மீறிக் கோபம் வந்தது. இறந்துபோனவளுக்குச் சேலைக்கு அடியில் வைத்துக் காப்பாற்றிய ஒரு பத்திரம். உயிரோடு இருக்கிறவளுக்குப் பதினைந்து வருஷமாக ஒரு வரி எழுத நேரமில்லை. அம்மா போன பிறகு டீச்சர் என்னை ஏசுவார் என்று காத்திருந்தேன். அவர் நீலக் கோப்பையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பரீட்சைக்கு நாலு மாசத்துக்கு மேல இருக்கு. பாப்போம்" என்றார்.

அடுத்த புதன்கிழமை வந்ததும் முதல் வேலையாக அவர் ரூலரை எடுத்தார். ஜெயலட்சுமியின் மேல் ஒரு கோடு இழுத்தார். மேலே இடம் இல்லாததால் ஓரத்தில் என் பெயரைச் சின்னதாக எழுதினார். இடாப்பில் அந்தப் பெயரைக் கூப்பிட்டபோது, அவர் முடிப்பதற்குள் நான் "வந்தேன் டீச்சர்" என்று கத்திவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை.

பிறகு அவர் எங்களை வட்டமாக உட்கார வைத்தார். "நம்ம குழுவுல ஒருத்தருக்குப் பொறப்புப் பத்திரமே இல்ல. யாருன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார்.

பதினோரு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"சரி" என்றார் டீச்சர். "கச்சேரி ஆபீஸ்ல கேட்டுட்டேன். இப்பவும் பதியலாம். ஆனா அவ பொறந்த தேதிய யாராவது அப்பவே எழுதி வச்சிருக்கணும். எங்க எழுதியிருப்பாங்க? யோசிங்க."

அந்தப் பாடவேளையில் நாங்கள் முதல் தடவையாக உண்மையில் பேசினோம். கிளினிக் அட்டை என்றாள் ஒருத்தி. அது மழையில் ஊறிப்போய்விட்டது என்றேன். பிறந்த புதிதில் எடுத்த படம். எடுக்கவில்லை. மொட்டை அடித்த கோயில் ரசீது. அடித்தார்கள், ரசீது இல்லை. தோட்டத்து ஆஸ்பத்திரிப் புத்தகம். நான் பிறந்தது லயத்தில், ஆஸ்பத்திரியில் இல்லை. ஒவ்வொன்றாக டீச்சர் கரும்பலகையில் எழுதினார், ஒவ்வொன்றாக ரூலர் வைத்து வெட்டினார். மணி அடிக்கப் போகும் நேரத்தில், மேல் கணக்குப் பையன், பீலிக்கரைச் சம்பவத்துக்குப் பிறகு என் முகத்தைப் பார்க்காமலே இருந்தவன், கையைத் தூக்கினான்.

"புள்ளக் காம்பராவுல எழுதியிருப்பாங்க டீச்சர். எங்க பெரியம்மாதான் அங்க ஆயா. பழைய புஸ்தகம் எல்லாம் அலமாரியில இருக்கு. தூக்கிப் போட மாட்டாங்க."

கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் பிள்ளைக் காம்பரா. நானும் அங்கேதான் வளர்ந்தேன். எனக்கு அது தோன்றவே இல்லை.

அந்தச் சனிக்கிழமை டீச்சர் எங்கள் தோட்டத்துக்கு வந்தார். பஜாரில் நடக்கிற செருப்பைப் போட்டுக்கொண்டு, நாங்கள் காட்டிய குறுக்கில் ஏறி வந்தார். அடையாள அட்டைக்காக வந்தவரை வேறு அட்டை பிடித்துக்கொண்டது. காலில் இரத்தம் வழிவதைப் பார்த்துவிட்டு அவர் போட்ட சத்தத்தில்தான், டீச்சருக்கும் பெரிய குரல் உண்டு என்பது எங்களுக்குத் தெரிந்தது. குழுவில் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் ஐந்து பேர், அந்தப் பையனும் சேர்த்து, உப்பைக் கொண்டு ஓடினோம்.

பிள்ளைக் காம்பராவில் அந்தப் பையனின் பெரியம்மா பால்மா டின்களுக்குப் பின்னாலிருந்து புத்தகங்களை இழுத்துப் போட்டார். நாலாவது புத்தகத்தில் நான் இருந்தேன். தாய் பெயர், தகப்பன் பெயர், லய இலக்கம், பிள்ளை பிறந்த தேதி, சேர்த்த தேதி, எடை. எல்லாம் இருந்தன. பிள்ளையின் பெயர் என்ற கட்டத்தில் மட்டும் பாப்பா என்று இருந்தது.

"என்னா பேருன்னு கேட்டேன். ஒங்கம்மா சொல்லல. இன்னும் வைக்கலன்னு சொன்னா. நானும் பாப்பான்னு போட்டுட்டேன்" என்றார் பெரியம்மா. எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். டீச்சர் மட்டும் அந்தக் கட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தேதியைத் தன் கொப்பியில் எழுதிக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் அலைச்சல். பிள்ளைக் காம்பராப் புத்தகத்தின் பிரதி, தோட்டத் துரையின் கடிதம், கிராம சேவகரின் கடிதம், பதிவு இல்லை என்று தேடிப் பார்த்துத் தந்த கடிதம், என் பத்து வருஷப் பாடசாலைப் பதிவு. புதன் பீரியட் அந்தத் தவணை முழுவதும் படிவம் நிரப்பும் பீரியடாக இருந்தது. டீச்சர் சிங்களத்தில் ஒரு படிவத்தைத் தப்பான கட்டத்தில் நிரப்பி, இரண்டு தடவை திருப்பி அனுப்பப்பட்டார். மூன்றாவது தடவை அவர் பஜாரில் பக்கத்துக் கடைக்காரரிடம் காட்டித் திருத்திக்கொண்டு வந்தார். என் விஷயத்தைப் பார்த்துப் பயந்து மற்றவர்களும் தங்கள் பத்திரங்களை எழுத்துக் கூட்டி வாசித்ததில், ஒருவனின் தகப்பன் பெயரில் எழுத்துப் பிழையும், ஒருத்தியின் பெயரில் ஒரு கால் விடுபட்டிருந்ததும் தெரிய வந்தன. அவையும் நீலக் கோப்பில் சேர்ந்துகொண்டன.

கடைசியாக அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் பிரதேச செயலகத்துக்குப் போனோம். பதிவாளர் வயதான சிங்களவர். எல்லாத் தாளையும் பொறுமையாகப் பார்த்தார். பேனாவைத் திறந்து, அம்மாவைப் பார்த்து, "நம?" என்று பெயரைக் கேட்டார். அம்மா பஜாரில் சிங்களத்தில் பேரம் பேசுவாள். ஆனால் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. பதிவாளர், விளங்கவில்லையாக்கும் என்று நினைத்து, "பேரு, பேரு" என்று தமிழிலும் கேட்டார். அம்மா சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள். அப்பாதான் அவசரமாகச் சொன்னார். பேனா ஓடத் தொடங்கியதும் அம்மா வெளியே போய்விட்டாள். உள்ளே புழுக்கம் என்றார் அப்பா. வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

பத்திரம் வந்த அன்று அப்பா அதை வீட்டுக்குக் கொண்டு போகவில்லை. சட்டைக்குள் வைத்து நேராகப் பாடசாலைக்கு வந்தார். சோக்குத்தூள் படிந்த கையை டீச்சர் சேலையில் துடைத்துவிட்டு வாங்கி வாசித்தார். ஒரு எழுத்துக்கூடப் பிழை இல்லை. அவர் சுவரில் சாய்ந்துகொண்டு ஒரு பெரிய மூச்சு விட்டார். எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. மேல் கணக்குப் பையன் அடுத்த வகுப்பிலிருந்து எட்டிப் பார்த்து, என் பெயரை, என் சொந்தப் பெயரை, பாடசாலை முழுவதும் கேட்கும்படி கத்தினான். அதிபர் வெளியே வந்து பார்த்தார். ஏன் என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். அடையாள அட்டை பரீட்சைக்குப் பதினொரு நாள் இருக்கும்போது கையில் கிடைத்தது. அன்று பஸ்ஸில் வரும்போது கொட்டகலையிலிருந்து எங்கள் தோட்டம் வரைக்கும் இருந்த பெயர்ப் பலகைகள் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் வாசித்துக்கொண்டே வந்தேன். மாதக்கணக்காக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிவிட்டது. பசி எடுத்தது.

பத்திரம் வந்த அன்றைக்கு வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். நான் ஓடிப்போய் அதை அம்மாவிடம் நீட்டினேன். அம்மா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கையைக் கழுவித் துடைத்தாள். துடைத்த கையை நீட்டவில்லை.

"நீயே வச்சுக்க."

"பொட்டியில வைக்கிறேன்மா."

"பொட்டியில வேணாம்." கத்திச் சொன்னதுபோல இருந்தது. பிறகு மெதுவாக, "ஒம்பொஸ்தகத்துக்குள்ள எங்கயாவது வையி" என்றாள்.

நான் அதை வரலாற்றுப் புத்தகத்துக்குள் வைத்தேன். மனதுக்குள் கறுவிக்கொண்டேன். அவளுடைய பத்திரத்துக்காக வேலையை விட்டுவிட்டுப் பஸ் ஏறி வந்த அம்மா, என்னுடையதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அந்தக் கோபம் பரீட்சை எழுதி, உயர்தரம் படித்து, வேலை கிடைத்து, கல்யாணம் ஆகும் வரைக்கும் உள்ளே ஒரு ஓரத்தில் இருந்தது.

போன வருஷம் எனக்கு மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரியில், மூன்றாம் நாள், பிறப்பைப் பதிவதற்குப் படிவத்தைக் கொண்டு வந்து கொடுத்தார்கள். அம்மா பிள்ளையை மடியில் வைத்திருந்தாள். நான் பேனாவைக் கேட்டபோது அவள் முகம் மாறியது.

"இன்னைக்கே எழுதணுமா?"

"எழுதிட்டுப் போயிருவோம்மா. பொறகு யாரு அலையுறது?"

அம்மா பிள்ளையின் முகத்தைத் துணியால் மூடினாள், திறந்தாள். பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காத குரலில் சொன்னாள். "ஒரு வருஷம் போகட்டுமேடா. மூத்தவளுக்கு ஒடனே எழுதிட்டோம். பொறந்த நாலாம் நாளே, ஒங்கப்பா ஆசையா போயி எழுதிட்டு வந்தாரு. எழுதுனதாலதான் கண்ணுல பட்டுச்சோ என்னமோ."

நான் பேனாவைப் பிடித்தபடி இருந்தேன். பதினைந்து வருஷம் என் பெயரைத் தன் வாயால் யாரிடமும் சொல்லாமல், தானாக எந்தத் தாளிலும் ஏற்றாமல், உயிரெடுக்க வருகிறவன் தேடினாலும் கிடைக்காத இடத்தில் என்னை ஒளித்து வைத்திருந்தவள் அம்மா. என்னை எழுத அவளுக்கு நேரமில்லை என்று நினைத்திருந்தது, கரும்பலகையில் இருந்த எல்லாவற்றையும் வாசிக்கத் தெரிந்த அந்தப் பதினோராம் வகுப்புப் பிள்ளை.